கண்ணை மூடிக் கேள்

அக்காவுக்கு,

"உனக்கு மட்டும் எப்படிடீ கேட்டுச்சு?" என்று எழுதியிருந்தாய். எனக்கும் கேட்கவில்லை.

ஆலையில் காது சோதித்த அன்று உனக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்கள். வழக்கம்போலத் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். பளபளத்த தரையில் சோதிப்பவரின் விரல் தெரிந்தது. அது ஒலிப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம், கேட்டதுபோல் கையைத் தூக்கினேன். தேறிவிட்டேன்.

வெளியே வந்ததும், "உள்ளே என்னடீ செய்யணும்?" என்றாய். தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாம். "கண்ணை இறுக்கி மூடிக்கோக்கா, அப்பதான் நல்லா கேக்கும்" என்றேன். நீ நம்பினாய். காது மந்தம் என்று அன்று மாலையே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அந்த அறைச் சுவரில் ஒரு படம் இருந்தது. உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள், அதற்குள் நீர், நீரில் மெல்லிய மயிரிழைகள். அவை அசைந்தால்தான் ஒலி கேட்குமாம். பெருஞ்சத்தம் தினமும் அடித்தால் அவை சாய்ந்து செத்துவிடும், மறுபடி முளைக்காது என்று கீழே எழுதியிருந்தது.

எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தித் தறிக்குக் கூட்டிவந்தவள் நீ. முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு அழுதேன். "அழாதடி வாயில்லாப்பூச்சி, போகப் போகப் பழகிடும்" என்று சிரித்துக்கொண்டே என் கைகளை விலக்கிவிட்டாய். ஒரு மாதத்தில் பழகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

தொட்டிலில் உன் குழந்தை வீறிட்டாலும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறாய்.

அழாதே அக்கா. போகப் போகப் பழகிடும்.

இப்படிக்கு,
உன் வாயில்லாப்பூச்சி