கன்னார் எரியாதது ஏன்?

1938 ஜூலை 4

இவ்வருஷம் முதல் விஞ்ஞானமும் தமிழிலேயே நடத்த வேண்டுமாம். அதன் சொற்களைத் தமிழாக்கும் வேலை, பள்ளியின் தமிழ்ப் பண்டிதை என்று என் தலையில் விழுந்தது. சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஜூலை 11

ஆஸ்பெஸ்டாஸ் — நார் நாராய் உரியும், தீயில் வேகாத கல். விஞ்ஞானம் நடத்தும் முத்தாயம்மாள் "கல்நார்" என்று எழுதி வந்தார். கல்லும் நாரும் புணர்ந்தால் லகரமும் நகரமும் திரிந்து "கன்னார்" என்றல்லவா ஆகும்? அடித்துத் திருத்தினேன். "புள்ளைங்களுக்கு வெளங்குமுங்களா?" என்று இழுத்தார். அசை பிரித்தால் இரண்டுமே நேர் நேர், தேமா. காதுக்கு என்ன நஷ்டம்? விதி விதிதான்.

செப்டம்பர் 19

காற்பரீட்சை. விஞ்ஞானக் கேள்விகளையும் நானே செப்பனிட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 22

முத்தாயம்மாள் ஒரு விடைத்தாளை என் முன் வைத்தார். உண்ணாமலையின் தாள். அந்தப் பாடம் நடந்தபோது காய்ச்சலில் கிடந்த பெண்.

கேள்வி: கன்னார் தீயில் எரியாதது ஏன்?

அவள் எழுதியது: கன்னாரும் எரிவார்கள். எங்கள் அப்பா எரிந்தார்.

கன்னார் தெருப் பெண் அவள். பாத்திரம் வார்க்கும் கன்னார் குடும்பம். சித்திரையில் உலை சரிந்து அப்பன் வெந்து செத்தான். அந்தத் தெருவில்தானே நான் குடத்துக்கு ஓட்டை அடைத்தேன்! தெருப் பேரு கூடவா ஞாபகம் வரல? நானெல்லாம் ஒரு பண்டிதை. த்தூ.

செப்டம்பர் 23

வரவில்லை. உண்ணாமலையின் வீட்டுக்குப் போனேன். தாய் பழனியம்மாள் உள்ளே கூப்பிடவில்லை.

"செத்தவரக் கேலி பண்ணத்தான் பள்ளிக்கூடமுங்களா? புள்ளைய ராசிபுரத்துல எந்தம்பி ஊட்டுக்கு அனுப்பிப் போடறேனுங்க. படிச்ச வரைக்கும் போதும்."

கல், நார், புணர்ச்சி என்று ஏதேதோ சொன்னேன். "எனக்கு அதெல்லாம் வெளங்காதுங்க" என்று கதவைச் சாத்தினாள். உள்ளே பெண் அழுவது கேட்டது.

செப்டம்பர் 26

இன்றும் வரவில்லை. கேள்வியே தப்பு, கேட்டவள் நான் என்று வகுப்பில் சொன்னேன். எல்லோரையும் "கல்நார்" என்று திருத்தி எழுதவைத்தேன். முத்தாயம்மாள் போய்த் தாயிடம் பேசுகிறேன் என்றிருக்கிறார். நான் போனால் எடுபடாது.

அக்டோபர் 10

வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காட்டிப் போகட்டும்.

நவம்பர் 7

இன்ஸ்பெக்டர் வந்தார். கரும்பலகையில் "கல்நார்" கண்டதும் முகம் சுளித்தார்.

"சந்திப் பிழை. எழுதியது யார்?"

"நான்தான்."

"விதி தெரியாதா?"

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. உண்ணாமலையும்.

"தெரியாதுங்க" என்றேன்.

தமிழாசிரியைக்கு இலக்கணம் போதாது என்று எழுதிக்கொண்டு போனார்.