சாதகக் கொப்பியில் பன்னிரண்டு சொற்கள்

என் அன்பான இஞ்சேருங்கோவுக்கு,

இருபத்திரண்டு வருடம் உங்களை அப்படித்தானே கூப்பிட்டேன். கடிதத்திலும் பெயரை எழுதக் கை வரவில்லை. சுகமாக இருக்கிறீர்களா? அங்கே போய்த் திரும்பவும் சிகரெட் கேட்காமல் இருக்கிறீர்களா?

சிகரெட்டை விட்ட மாதம்தான் அந்தச் சேமிப்பைத் தொடங்கினீர்கள். சீனன்குடா வேலையில் சம்பளம் கிடைத்த அன்றே, சிகரெட்டில் மிச்சம்பிடித்த காசுக்கு பிட்கொயின் வாங்குவீர்கள். விலை ஏறினாலும் அதே தொகை, இறங்கினாலும் அதே தொகை. ஒருமுறை அது பாதிக்கு மேல் விழுந்தபோது குசினியில் அகப்பையோடு நின்று நான் கத்தியது நினைவிருக்கிறதா?

"கண்ணுக்குத் தெரியாத காசை வாங்கி என்னத்தைக் கண்டனீங்கள்?"

"விழுந்தா நல்லதுதானேயப்பா, அதே காசுக்குக் கூட வரும். பிள்ளை கம்பஸ் போகேக்க பாருமன்."

பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்தான் அந்தச் சேமிப்பின் சாவி, தொலைந்தால் ஒருவராலும் திறக்க முடியாது என்றும் சொன்னீர்கள். "ஒருத்தரும் தொடாத இடத்தில எழுதி வைச்சிருக்கிறன்" என்று சிரித்தீர்கள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கோபம் அப்படி.

நெஞ்சுவலி உங்களுக்கும் சொல்ல நேரம் தரவில்லை. நீங்கள் விழுந்தபோது அந்தச் சேமிப்பு இருந்த போனும் உடைந்துவிட்டது. முப்பது நாள் அலுமாரி, மெத்தை, சாமிப்படங்களின் பின்பக்கம் என்று எல்லா இடமும் தேடினேன். மகளுக்குக் கொழும்பில் படிக்க இடம் கிடைத்திருந்தது; அனுப்பக் கையில் ஒன்றுமில்லை. "பரவாயில்லையம்மா, நான் இஞ்ச ஏதும் வேலைக்குப் போறன்" என்றாள். செத்த வீட்டில் அழுததைவிட அன்றுதான் கூட அழுதேன்.

முப்பத்தோராம் நாள், உங்கள் வீட்டு வழக்கப்படி, உங்கள் சாதகத்தைக் கடலில் விடப் போனோம். கலியாணப் பொருத்தம் பார்த்த பிறகு யாரும் விரிக்காத கொப்பி. உங்கள் தம்பி அதோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். எனக்குக் கடைசியாக ஒருதரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"அண்ணி, இனி அதைத் திறக்கக் கூடாது."

"ஒருக்காத் தாரும் தம்பி."

பின்னட்டையின் உள்பக்கத்தில், உங்கள் கோணல் எழுத்தில், ஒன்று முதல் பன்னிரண்டு வரை அந்த ஆங்கிலச் சொற்கள்.

அப்படியே மணலில் இருந்து சிரித்தேன். எனக்குப் பைத்தியம் என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆள் போனால் பின்னாலேயே கடலுக்குப் போகிற கொப்பி அது என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? அல்லது சாகிற எண்ணமே இல்லாமல் இருந்தீர்களா?

மகள்தான் அந்தச் சொற்களைப் போட்டுப் புதுப் போனில் சேமிப்பைத் திறந்தாள். முதல் இரண்டு வருடப் படிப்புக்கு வேண்டியதை மட்டும் விற்றோம். நேற்று அவளை ரயிலேற்றி விட்டேன். நீங்கள் பற்ற வைக்காத ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நன்றி. நான் கத்தக் கத்த வாங்கியதற்கும் நன்றி.

நான் வேலை செய்கிற நிலாவெளி ஹோட்டல் சலவைப் பகுதியில் சம்பளம் தரும் நாளில் இப்போது நானும் கொஞ்சம் வாங்குகிறேன். போன மாதம் விலை விழுந்தது. சண்டை பிடிக்க ஆளில்லாமல் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு அதே தொகைக்கு வாங்கினேன்.

சொற்களை வேறு இரண்டு இடத்தில் எழுதி மகளுக்கும் காட்டிவிட்டேன். இனி அந்தக் கொப்பி தேவையில்லை. உங்கள் தம்பியும் அதைக் கடலில் விடக் கேட்டபடி இருக்கிறார். ஆனாலும் அது உங்கள் சாரங்களுக்கு நடுவே அலுமாரியில்தான் இருக்கிறது. வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்தன்று கட்டாயம் கடலில் விடுவேன், சத்தியம். அதுவரைக்கும் உங்களை முழுதாக அனுப்ப எனக்கு ஏலாது, இஞ்சேருங்கோ.

இன்னும் பெயர் சொல்லாத,
உங்கள் வீட்டுக்காரி