சட்டையில் போகாத வாசனை

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நானும் உன் தங்கையும் உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் அவள் வயிற்றிலிருக்கும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கை நடுக்கம் கூடிவிட்டதால் நான் சொல்லச் சொல்ல வாலு எழுதுகிறாள். (வாலு என்று அவர் வாயாலேயே சொன்னார், நானும் மாற்றாமல் எழுதிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் என் சரக்கு அண்ணா, படித்துக் காட்டச் சொன்னால் தாண்டிவிடுவேன்.) போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், எழுத்தாக வந்தால் மருமகளும் படிப்பாள் என்றுதான் கடிதம். பண்ணையில் உன்னை மூட்டை தூக்கும் வேலையிலிருந்து மருந்தடிக்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், சம்பளமும் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்லது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் இவள் அடுத்த வரியைப் படித்துவிட்டாள். எத்தனை தடவை அலசினாலும் சட்டையில் அந்த வாசனை போகமாட்டேங்குது, உங்க மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு துவைக்கிறாள், நானே பாத்துக்கறேன்னு சொன்னாலும் கேட்கிறதில்லை என்று சிரிப்பாக எழுதியிருக்கிறாய். இன்னொரு தடவை படி என்றேன். படித்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது.

முதலில் இங்கத்திச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது பார்த்துக்கொள்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் முற்றம் முழுக்கக் கல் பாவியிருக்கிறார்கள், இடுக்குக்கு இடுக்கு புல் முளைக்கிறது. (முற்றத்தில் களைக்குப் பஞ்சமில்லை, அப்பா முகத்தில்தான் பஞ்சம்.) சங்கச் செயலாளர் ஒரு கேன் களைக்கொல்லியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார், தொடமாட்டேன் என்றேன். ரயில்வே கூட்ஸ் யார்டுல காலமெல்லாம் இதைத்தானே பெரியவரே அடிச்சீங்க, இப்ப என்ன புதுசா என்று கேட்டார், அதனாலதான் சார் என்றேன். வீட்டிலேயே தயார் பண்ணிக்கொள்கிறோம். கொதிக்கிற தண்ணீரை இடுக்கில் ஊற்றினால் இளம்புல் மறுநாளே சுருண்டுவிடும், கெட்டிலை இவள் பிடித்துக்கொள்கிறாள். வளர்ந்ததற்கு வினிகரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கொஞ்சம் கலந்து, நல்ல வெயிலில் இலை நனையத் தெளிக்கிறோம், சோப்பு இல்லாவிட்டால் இலையில் நிற்காமல் வழிந்துவிடும். அதுவும் கண்ணில் பட்டால் எரியும், கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். கெட்டிலும் கையுமாக நாங்கள் போவதைப் பார்த்துவிட்டு, என்ன, புல்லுக்கெல்லாம் டீ குடுக்கிறீங்களா என்றார் செயலாளர். (உங்களுக்கும் ஒரு கப் ஊத்தட்டுமா சார் என்றேன். அப்பா காதைத் திருகியது இன்னும் வலிக்கிறது.) உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும், இது மந்திரமில்லை. இலை கருகுகிறதே தவிர வேர் சாவதில்லை, மறுபடி தலைதூக்குகிறது, மறுபடி ஊற்ற வேண்டியிருக்கிறது. பொறுமை போய் உப்பையும் கரைத்துச் சேர்த்தேன், மழையில் அது வேலிச்செடிப் பக்கம் ஓடி, செயலாளர் பார்த்துப் பார்த்து வளர்த்த வேலி ஒரு பக்கம் கருகிவிட்டது. (பாதி கிராப்பு, பாதி மொட்டை.) உப்பு இறங்கிய மண் லேசில் தேறாது, நீ எங்கேயும் அதைச் செய்யாதே. மாதக் கடைசிக்குள் முற்றம் சுத்தமாகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்கிறார். பார்க்கட்டும், மிச்சத்தைக் குனிந்து கையால் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யார்டில் நாங்களும் களைக்கொல்லியை மருந்து என்றுதான் சொல்வோம், நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தோடு நடப்போம், டாங்கி கசிந்து முதுகு நனையும், குழாய் நுனியில் நாசில் அடைத்தால் கழற்றி வாயில் வைத்து ஊதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். நீயும் ஊதுகிறாயா? அனுபவஸ்தன் எவனாவது அப்படித்தான் பழக்குவான், ஊதாதே, ஒரு குச்சியையோ பழைய பல் பிரஷையோ கையில் வைத்துக்கொள். எனக்கு வந்தது இந்த நடுக்கத்தோடு போயிற்று. உன் அம்மா யார்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவள் தொட்டதெல்லாம் என் சட்டையைத்தான். வாசலில் கால் வைத்ததுமே, கழட்டிக் குடுங்க, குடலைப் புரட்டுது என்று பிடுங்கிக்கொண்டு போவாள், பிரஷ் போட்டால் துணி நைந்துவிடும் என்று கையால்தான் கசக்குவாள், எல்லாருடைய துணிக்கும் அதே வாளி. அவளைக் கொண்டுபோனது ரத்தத்தில் வந்த வியாதி என்பதுவரை உனக்குத் தெரியும். சட்டையைப் பற்றி நான் டாக்டரிடம் கேட்டது தெரியாது. அதனாலதான்னும் சொல்ல முடியாது, அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது என்றார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன். (எனக்கும் தெரியாது அண்ணா. இதை எழுதும்போதுதான் கேட்கிறேன்.) இப்போது இவள் என் சட்டையைத் துவைக்கிறேன் என்று நச்சரிக்கிறாள், வெறும் வினிகர் நாத்தம்தானேப்பா, ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கீங்க, குடுங்க என்கிறாள். கொடுப்பதில்லை. வினிகர் ஒன்றும் செய்யாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் கை நீட்ட வரவில்லை. (இனிமேல் கேட்கமாட்டேன்.)

வேலையை உதறிவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாயில்லை, பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் வருகிற சம்பளத்தை விடு என்று எந்த வாயால் சொல்வேன். ஏக்கர் கணக்கான பண்ணைக்கு என் கெட்டில் காணாது என்பதும் தெரியும். மேஸ்திரியிடம் தன்மையாகக் கேட்டுப் பார், மூட்டைக்கே திருப்பிப் போட்டாலும் போகட்டும், முதுகு வலிதானே. முடியாது என்றால் கையுறை, முகமூடி எதையும் வெயில் புழுக்கம் என்று கழற்றாதே. அந்த உடுப்போடு வீட்டு வாசல்படி ஏறாதே, வெளியிலேயே கழற்று, தனி வாளி வாங்கு, உன் கையாலேயே துவை, குளித்துவிட்டு உள்ளே போ. அதன் பிறகு மருமகள் பக்கத்தில் உட்கார். அவள் கோபித்துக்கொண்டால் மாமனார் உத்தரவு என்று சொல்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல், பிள்ளையும் கையுமாக என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், வேறு எதுவும் நான் கேட்கவில்லை. மறந்துவிடாதே, இதற்குப் பதிலை நீ எழுதக் கூடாது, மருமகள் எழுத வேண்டும். சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று அவள் எழுதினால்தான் நம்புவேன்.

இப்படிக்கு,
தன் சட்டையைத் தானே துவைத்துக்கொள்ளும்
உன் அப்பா

(கோணல்மாணலாக இருக்கிறதே, அந்தக் கையெழுத்து மட்டும் அவருடையது. பேனாவை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன், விடவில்லை.)