பரஸ்தான வண்டி

நாள் 1. வியாழன். காலை 9.10
மின்கலம் 96. மூச்சுக்காற்று சீர். வெளியே மைனஸ் 41. காற்று மேற்கிலிருந்து, மெதுவாக.

எழுதுபவன் உச்சிமாகாளி, வயது அறுபத்தெட்டு, முன்வண்டி ஓட்டுநர். இடம் செவ்வாய்க் கிரகம், மூன்றாம் முகாமுக்கு மேற்கே ஆறு கிலோமீட்டர். முன்வண்டியில் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. நாற்பது ஆண்டுகளாக என் வண்டியில் வேறு யாரோ எழுதினார்கள். இந்த ஆண்டு என் மகள் செண்பகவல்லி மருந்தகத்தில் என்னை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். இதுவரை எழுதியதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆகட்டும். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

முகாமில் பனிக்கட்டி தீர்ந்துவிட்டது. முப்பத்தெட்டுப் பேர் எட்டு வண்டிகளில் பனிமேட்டுக்குப் போயாக வேண்டும். நடுவில் பெரும்பள்ளம். மேற்கே சுற்றினால் 640 கிலோமீட்டர், கிழக்கே சுற்றினால் 590. போக வேண்டியது மேற்கே. வண்டிகளின் வலப்பக்கச் சூரியத் தகடுகளைக் கழற்றிப் பயிர்க்கூடத்துக்குக் கொடுத்துவிட்டோம். இந்தப் பருவத்தில் வெயில் தெற்கே சாய்ந்து அடிக்கும். மேற்கே போனால் இடப்பக்கத் தகட்டில் நாள் முழுதும் வெயில். கிழக்கே போனால் தகடு நிழலில்.

காலமும் இதுதான். தூசி இறங்க நான்கைந்து நாள் இருக்கிறது. அதற்குள் மலை மறைவுக்குப் போய்விடலாம். ஒரு மாதமாகச் சொல்கிறேன். முகாம் தலைவர் பிரமநாயகம் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார். வெள்ளி மேற்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது. சனி அஷ்டமி. ஞாயிறு நவமி, அதோடு மறுபடியும் மேற்கே சூலம். இன்று வியாழன் நல்ல நாள், ஆனால் மூட்டை கட்டி முடியவில்லை.

ஆகவே பரஸ்தானம். நல்ல நேரத்தில் பயணச் சாமான் கொஞ்சத்தை முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. மூன்று நாள் செல்லும். தங்களுக்கு இல்லாமல் ஆகாத பொருளை ஆளுக்கு ஒன்றாக என் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் காத்திருக்கிறேன்.

நாள் 2. வெள்ளி. பகல் 12.30
மின்கலம் 95. காற்று சற்றுக் கூடுதல்.

காலையில் சாமான்களில் கட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளைப் படித்தேன். முப்பத்தேழு பெயர். ஒரு பெயரையும் விடவில்லை. இவர்கள் முகம் எல்லாம் தெரியும், பெயரை எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன். செண்பகவல்லி தன் மூக்குக்கண்ணாடியை வைத்திருக்கிறாள். பச்சைப் பெட்டி ஒன்று, மெக்கானிக் இசக்கிராஜாவுடையது. பிரமநாயகம் பஞ்சாங்கத்தை வைக்கவில்லை, அதன் நகலை வைத்திருக்கிறார்.

வயர்லெஸ்:
"அண்ணாச்சி, பிரமநாயகம் பேசுதேன். எல்லாம் சௌரியமா?"
"சௌரியம் கிடக்கட்டும்வே. எப்ப வாரிய?"
"பயணந்தான் தொடங்கியாச்சே, பெறகென்ன அவசரம்? அவரைக்கா ரெண்டு நாள்ல தெரண்டுரும். பறிச்சிட்டு வாரோம்."
"முப்பத்தேழு பேரும் அவரைக்காயக் காவல் காத்துக்கிட்டா இருக்கிய?"
"கோவப்படாதிய. உங்களுக்கும் ஒரு கூட்டு வச்சித் தாரோம்."

நாள் 3. சனி. மாலை 4.00
மின்கலம் 91. மேற்கு அடிவானத்தில் பழுப்புக் கோடு. காலையில் விரல் அகலம் இருந்தது. இப்போது உள்ளங்கை அகலம்.

மூன்று முறை கூப்பிட்டேன். அஷ்டமியாம். இங்கே ஆகாயத்தில் இரண்டு நிலா ஓடுகிறது, எந்த நிலாவுக்கு அஷ்டமி என்று கேட்டேன். பூமி நிலாவுக்குத்தான் என்றார் பிரமநாயகம். பரஸ்தானம் வைத்த பிறகு அஷ்டமி எதற்கு என்று கேட்டேன். ஒரு பாதுகாப்புக்கு என்றார். வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டேன். அணைத்த பிறகு நல்ல நல்ல பதிலாக வருகிறது. அவற்றை எழுதத் தாள் போதாது.

நாள் 4. ஞாயிறு. காலை 8.15
மின்கலம் 84. தகட்டில் தூசி. துடைத்தேன். மறுபடியும் தூசி.

வயர்லெஸ்:
"அண்ணாச்சி, பிரமநாயகம். மேக்க தூசி செவுரு மாரி நிக்கி. நாங்க கெழக்க கெளம்பிட்டோம்."
"ஏவே, கெழக்கயா? தகடு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாதா?"
"அம்பது கிலோமீட்டர் கொறவு. இன்னிக்கிக் கெழக்க சூலமும் இல்ல. நீங்க பின்னாலயே வாங்க."
"பரஸ்தானம் மேக்க வச்சிட்டுக் கெழக்க போற கூட்டத்த இப்பந்தான் பாக்கேன்."

தூசிக்குள் வெயில் பாதிதான். நிழலில் அந்தப் பாதியும் இல்லை. நிறுத்தி, வண்டியைத் திருப்பி வைத்துத்தான் மின்னேற்ற முடியும். இது அவர்களுக்குத் தெரியும். திரும்பி வருவார்கள். நான் வண்டியைத் திருப்பவில்லை.

நாள் 5. திங்கள். காலை 11.40
மின்கலம் 71.

நேற்று வண்டியைத் திருப்பாதது கோபத்தில். அதை எழுதி வைக்கிறேன்.

வயர்லெஸ்:
"அண்ணாச்சி, இசக்கிராஜா. அந்தப் பச்சப் பெட்டி உங்க வண்டிலயா இருக்கு?"
"இருக்கு. ஏன்டே?"
"மாத்து வடிகட்டி பூராவும் அதுலதான் அண்ணாச்சி. இல்லாம ஆகாத பொருளக் குடுன்னு தலைவரு சொன்னாவ. நானும் யோசிச்சி யோசிச்சி அதக் குடுத்தேன். ரெண்டு நாள்ல உங்ககிட்ட வந்துருவோம்னு நெனச்சேன்."

வெளிக்காற்றிலிருந்து மூச்சுக்காற்றைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு வடிகட்டி வேண்டும். நல்ல நாளில் ஒரு வடிகட்டி ஒரு மாதம் தாங்கும். இந்தத் தூசியில் மூன்று நாள். அவர்கள் வண்டிகளில் இருப்பவை புதன் காலைக்குள் அடைத்துவிடும். முகாமிலிருந்து எழுபதாவது கிலோமீட்டரில் மின்கலம் தீர்ந்து நிற்கிறார்கள். எனக்கு எழுபத்தாறு கிலோமீட்டர். என் மின்கலம் அறுபதுக்குத் தாங்கும்.

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறது: தூசி வடிகட்டி, பதினாறு. சின்ன எழுத்து. வெள்ளிக்கிழமை பெயரை மட்டும் படித்தேன். பெயர் படிக்க வந்த சந்தோஷத்தில் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கே படித்திருந்தால் ஞாயிறு காலையில் அவர்களோடு சேர்ந்திருப்பேன்.

வண்டியைத் திருப்பிவிட்டேன். பிரமநாயகம் கூப்பிட்டார்.
"அண்ணாச்சி, இன்னிக்கித் திங்கள், கெழக்க சூலம். ஒரு வா தயிர் குடிச்சிட்டுக் கெளம்புனா தோஷம் இல்ல."
"தயிருக்கு மாட்ட எங்கவே போயித் தேட?"
அங்கே யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை.

நாள் 5. திங்கள். மாலை 5.30
மின்கலம் 36. முப்பத்தொரு கிலோமீட்டர் கடந்தேன். முகாம் வழியாக வந்தேன். பயிர்க்கூடத்தில் பறித்த அவரைக்காய் கூடையோடு கிடக்கிறது. எடுத்துப்போகக்கூட நேரமில்லை அவர்களுக்கு. பாதை தெரியவில்லை. வண்டியை இடப்பக்கம் வெயில் படத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் ஏறியது ஒன்று.

நாள் 6. செவ்வாய். காலை 9.50
மின்கலம் 2. நின்றுவிட்டது. நான் கிளம்பிய இடத்திலிருந்து அறுபத்து மூன்றாவது கிலோமீட்டர். மீதம் பதின்மூன்று.

உடையில் காற்று நான்கு மணி நேரத்துக்கு. இந்தத் தூசியில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கலாம். இளவயதில் நான்கு நடப்பேன். கணக்கு எனக்கு எழுத்துக்கு முன்பே தெரியும்.

வயர்லெஸ்:
"எப்பா, செண்பகம். வண்டிலயே இருங்க. நான் எதுக்க வாரேன்."
"வராத தாயி. இந்தத் தூசில ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே தாண்டிப் போயிருவோம். மருந்து தெரிஞ்சவ நீ ஒருத்திதான். அங்கயே இரு."
"ஒங்களால முடியாதுப்பா."
"ஒன் கண்ணாடியும் கொண்டாரேன்."
பிறகு பிரமநாயகம்:
"அண்ணாச்சி, எம்மேல கோவமா?"
"கோவந்தான். மணிக்கொருக்க வெளக்க எரியவிடும். நேர்ல வந்து பேசிக்கிடுதேன்."

நாள் 6. செவ்வாய். காலை 10.35
இதைக் கண்டெடுப்பவர்களுக்கு.

பனிமேட்டுக்குப் போகிறவர்கள் மேற்கே போங்கள். வெயில் தெற்கே சாயத் தொடங்கிய இருபதாம் நாளுக்குள் கிளம்புங்கள். எல்லோரும் ஒன்றாகக் கிளம்புங்கள். ஒரு வண்டியை முன்னால் அனுப்பாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வண்டிக்குள் பச்சைப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நான் எடுத்துப் போயிருக்கிறேன். முன்னால் போன வண்டிகளின் சக்கரத் தடம் தெரிந்தால் அதன் வழியே கிழக்கே வாருங்கள். வழியில் பெட்டி கிடந்தால் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டி பதினாறு கிலோ. இந்தக் கிரகத்தில் அவ்வளவு பாரம் தெரியாது. தலையில் வைத்துக்கொள்வேன். கையுறை போட்டுவிட்டதால் எழுத்து கோணுகிறது

முப்பத்தேழு பெயரையும் கடைசித் தாளில் எழுதிவிட்டேன் பார்க்காமலே வந்தது

கதவு திறக்கிறேன்

பஞ்சாங்க நகல் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வடக்கேதான் சூலம். கிழக்கே இல்லை