காலியாக இருந்த மூன்றாவது கட்டம்

பிப்ரவரி 4

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

தினமும் காலையில் உட்கார்ந்து வேதாகமம் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சும்மா புரட்டுவது இல்லை, முறையாக. பின்னறையைக் காலி செய்து மேசை போட்டாயிற்று, விளக்கு வாங்கியாயிற்று. தடித்த நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு மூன்று கட்டம்: வசனம் என்ன சொல்கிறது, எனக்கு என்ன புரிகிறது, நான் என்ன செய்ய வேண்டும். ஸ்கேல் வைத்துக் கோடு போடவே ஒரு வாரம் ஆனது. லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, எதையும் சரிபார்க்காமல் தொட மாட்டேன். வேலை நேரத்தில் மாட்டுகிற ‘பழுது பார்க்கப்படுகிறது’ பலகை ஒன்றை அறைக் கதவிலும் தொங்கவிட்டிருக்கிறேன், யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்க.

ஒன்றுதான் குறை. அம்மாவின் வேதாகமம். ஓரமெல்லாம் பென்சிலில் எழுதிவைத்திருப்பாளே, அது இல்லாமல் ஆரம்பிக்க மனம் ஒப்பவில்லை. அம்மா போன இந்த இரண்டு வருடமும் உன்னிடம்தானே இருக்கிறது. மூன்று முறை கேட்டுவிட்டேன். அனுப்பிவை.

அன்புள்ள அண்ணன்

பிப்ரவரி 13

அப்புறம் அண்ணனுக்கு,

அம்மா வைத்த பெயரை நான் மறக்கவில்லை. எதைச் சொன்னாலும் “அப்புறம்மா” என்பாயே.

உன் கடிதத்தை நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில், ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு நடுவே நின்றுகொண்டு படித்தேன். கோடு போட ஒரு வாரமா? அம்மாவுக்கு எந்த மேசை இருந்தது? அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒரு கையால் கிளறிக்கொண்டே படிப்பாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நான் அறிந்தே உன்னிடம் நான்கு வேதாகமம் இருக்கிறது.

அண்ணி போன் செய்தார்கள். “குக்கர் விசில் அடிச்சாக் கூட கத்துறாரு. வீட்ல தும்மக் கூட முடியல. ஆனா இன்னும் ஒரு பக்கம் படிச்ச பாடில்ல” என்று ஒரே புலம்பல். அந்தப் பலகையை நீ உன் கழுத்தில் மாட்டியிருக்கலாம்.

அம்மா இங்கே ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். “பெரியவன் வந்துட்டானா” என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ ஏதோ லிஃப்ட் பரிசோதனை என்றாய். சவப்பெட்டியை மூடிய பிறகு வந்து நின்றாய். அவள் கடைசியாக என்ன பேசினாள் என்று ஒருமுறையாவது கேட்டாயா? உனக்குப் புத்தகம் மட்டும் வேண்டும். தர மாட்டேன்.

தங்கச்சி

பிப்ரவரி 25

தங்கச்சிக்கு,

அம்மா உனக்கு மட்டும்தான் அம்மாவா? உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறதே, எனக்கு வராதா?

உன் மேல் இருந்த வீம்பிலேயே இங்கே கிடந்த ஒன்றை எடுத்து மத்தேயுவில் ஆரம்பித்துவிட்டேன். நான்கு அதிகாரம் ஓடியது. ஐந்தாவதில் மாட்டிக்கொண்டேன். காணிக்கையோடு வந்து நிற்கிறவனுக்கு, உடன்பிறந்தவனுக்குத் தன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாக வேண்டுமாம். முதல் கட்டத்தில் எழுதினேன். இரண்டாவதிலும் எழுதினேன். மூன்றாவது காலி. ஆறு நாளாக அதே பக்கம். கை வர மாட்டேன் என்கிறது. எரிச்சலில் பேனாவை உடைத்துவிட்டேன்.

அந்த இடத்தில் அம்மா ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். புத்தகம் வேண்டாம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்பு. அதற்குமா மனசு வராது?

அண்ணன்

மார்ச் 6

அண்ணா,

நகல் எடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் புத்தகத்தை அம்மாவோடு அனுப்பிவிட்டேன்.

“பெரியவன்கிட்ட குடுத்துடு” என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தாள். பெட்டியை மூடுகிற நேரம் வரைக்கும் நீ வரவில்லை. இவனுக்கு எதற்கு என்று அவள் கைக்கு அடியில் நானே செருகினேன். மூடியதும் செய்த தப்பு உறைத்தது. திறக்கச் சொல்ல வாய் எழவில்லை. பத்து நிமிடத்தில் நீ வந்துவிட்டாய்.

நீ கேட்கிறபோதெல்லாம் உன்மேல் எரிந்து விழுந்தது அதை மறைக்கத்தான். அந்த ஓரத்தில் அவள் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்கும் தெரியாது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. திட்டிவிடு அண்ணா, இனி என்னால் மறைக்க முடியாது.

தங்கச்சி

மார்ச் 11

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு வேறொன்று நினைவுக்கு வந்து, கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்று ஆகிவிட்டது.

அம்மா படுத்திருந்த ஒன்பதாவது நாள் நான் வந்தேன். ஆஸ்பத்திரியில் கீழே லிஃப்ட் முன்னால் நின்றேன். அது போல நூறு லிஃப்ட் பொருத்தியிருக்கிறேன். மூன்று முறை கதவு திறந்து மூடியது, கால் உள்ளே போகவில்லை. அத்தனை நாள் வராதவன் அவளிடம் என்ன சொல்வது? நன்றாக யோசித்துத் தயார் செய்துகொண்டு நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று முடிந்தே போயிற்று. பரிசோதனை எதுவும் இல்லை. இதை உன் அண்ணிக்கே நேற்றுதான் சொன்னேன்.

மூன்றாவது கட்டத்தில் ‘தங்கச்சி வீட்டுக்குப் போ’ என்று எழுதிவிட்டேன். பலகையைக் கழற்றியாயிற்று. “முதல்ல கிளம்புங்க, இல்லேன்னா இதுக்கும் கோடு போட உக்காந்துடுவீங்க” என்கிறாள் உன் அண்ணி.

சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். என்ன பேசுவது என்று எதுவும் தயார் செய்யவில்லை. அம்மா கடைசியாகப் பேசியதையெல்லாம் நீதான் சொல்ல வேண்டும். உன் வேதாகமத்தை அடுப்பு மேடையில் எடுத்து வை, நின்றுகொண்டே படிக்கலாம்.

அண்ணன்