தொய்வுன்னு நான் சொன்ன எட்டாவது பாட்டு

என் அண்ணாவுக்கு,

எட்டு மாசம் தாமதமா எழுதறேன். நீ இருந்திருந்தா, "பேப்பரே திருத்தியாச்சு, அம்மிணி இப்பத்தான் பரீட்சைக்கு வர்றா"ன்னு ஓட்டியிருப்பே.

நமக்குப் பிடிச்ச அந்த இங்கிலாந்து மியூசிக் பேண்டோட கடைசி ஆல்பத்தைப் பத்தித்தான். காலேஜ் நாள்ல இருந்து நமக்கு ஒரே சட்டம். புது ஆல்பம் வந்தா முழுசா கேட்கணும், விமர்சனம் எதையும் படிக்கக் கூடாது. ஆளுக்கொரு சீட்டுல மார்க் எழுதி, ஒரே நேரத்துல பிரிப்போம். நான் டெக்சாஸ் வந்த பிறகு சீட்டு மெசேஜ் ஆச்சு. சட்டம் மாறலை.

இந்தத் தடவை நீ கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில. "கேட்டியா அம்மிணி? மார்க் ரெடியா?" மூணு நாள் விடாம வாய்ஸ் மெசேஜ். இங்கே குட்டிக்குக் காய்ச்சல். மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரும் கையுமா இருந்தேன். ஒரு பாட்டுகூட கேட்கலை. ரெண்டு மூணு விமர்சனம் புரட்டினேன். எல்லாரும் திட்டியிருந்தாங்க. அதையே என் கருத்தா அனுப்பிட்டேன்: "பத்துக்கு நாலு. ஏழாவது பாட்டுக்கு அப்புறம் ஒரே தொய்வு."

நீ ஒன்பது போட்டிருந்தே.

"சரி விடு. குட்டியப் பாத்துக்கோ"ன்னே. அஞ்சாம் நாள் போயிட்டே. நான் கேட்கவே இல்லைன்னு உனக்குத் தெரிஞ்சுதா அண்ணா? தெரிஞ்சுதான் விட்டியா?

இன்னிக்கு டேகேர்ல இருந்து குட்டியைக் கூட்டிட்டு ரவுண்ட் ராக் வீட்டுக்குத் திரும்பறப்ப, ஃப்ரீவேல டிராஃபிக். முதல் தடவையா அந்த ஆல்பத்தைப் போட்டேன். எட்டாவது பாட்டுல அந்தப் பாடகன் ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்கி, நின்னு நின்னு பாடறான். உன் கடைசி வாய்ஸ் மெசேஜ் மாதிரியே. அதைப் போய் உன்கிட்டயே தொய்வுன்னு சொல்லியிருக்கேன். பின் சீட்டுல குட்டி, "அகெய்ன், அம்மா"ங்கறா. என்னால மறுபடி போட முடியலை.

போன வாரம் அந்த விமர்சகர்கள்ல ஒருத்தர், 'அவசரப்பட்டுட்டேன், நல்ல ஆல்பம்'னு எழுதியிருக்கார். அவருக்குத் திருத்தி எழுத பத்திரிகை இருக்கு. நான் யாருக்கு அனுப்பறது?

டேகேர்ல கொடுத்த காகிதத்தோட பின்பக்கம் என் மார்க்கை எழுதி, நாலா மடிச்சு பர்ஸ்ல வெச்சிருக்கேன். நீ இல்லாம அதைப் பிரிக்க மாட்டேன். இதைப் படிக்கிற யாருக்கும் சொல்லவும் மாட்டேன். சத்தியம்.

இந்தத் தடவை நிஜமாவே கேட்ட,
உன் அம்மிணி