தலைச்சன் பங்கு

ஆபிப் மாதம், 4
வாற்கோதுமை அறுப்பு முடிந்து வந்த ஆசேல் நேராக நோவாள் அறைக்குப் போய்விட்டார். இளையதாரம், அழகி. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரவாயில்லை. அவருடைய தலைச்சனைப் பெற்றவள் நான்தான். என் மகன் யேசேர் இருக்கும்வரை இந்த வீட்டில் என்னை யாரும் அசைக்க முடியாது.

ஆபிப், 11
நோவாள் மகன் ஊரிக்குச் சொத்தில் இரட்டைப் பங்கு கொடுக்கலாமா என்று ஊர்வாசலில் மூப்பர்களைக் கேட்டாராம். முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். "பிடிச்ச பொண்டாட்டி, பிடிக்காத பொண்டாட்டி கதையெல்லாம் இங்க எடுபடாது. ரெண்டு பங்கு மூத்தவனுக்குத்தான்."
வயிறு குளிர்ந்தது.

சீவ் மாதம், 2
ஆசேல் என் அறைக்கு வந்தார். கையில் அத்திப்பழ அடை. "அத்தாராள்" என்று கூப்பிட்டார். என் பெயர் அவருக்கு நினைவிருக்கிறது.

சீவ், 3
இன்றும் வந்தார்.

சீவ், 7
கிணற்றடியில் நோவாள்: "என்னக்கா, மூஞ்சியில ஒரே வெளிச்சமா இருக்கு?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள்?

சீவ், 9
ஆசேல் எதற்கு வந்தாரென்று தெரிந்துவிட்டது. அவரே சொன்னார்:
"ஆட்டுமயிர் கத்தரிச்ச விருந்துல உம் மவன் குடிச்சிட்டு என்னைப் பிடிச்சுத் தள்ளினான். அடங்காத பிள்ளைன்னு வாசல்ல சொல்லப்போறேன். நான் மட்டும் சொன்னாச் செல்லாது. பெத்தவ நீயும் சொல்லணும்."
"சொன்னா ஊரே கல்லெறிஞ்சு கொன்னுடுமே."
"நமக்கு இன்னொண்ணு பொறக்காதா, அத்தாராள்?"
பாவி. அதைச் சொல்லும்போது என் தலையைக் கோதிக்கொண்டிருந்தான். நான் ஏன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை?

சீவ், 10
மாட்டேன்னு சொன்னா இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். இத்தனை வருஷம் தனியாப் படுத்திருக்கேன் — சீ, என்ன நினைப்பு இது.

சீவ், 12
யேசேரை ஊர்வாசலில் நடுவில் நிறுத்தினார்கள். மூத்த மூப்பர் என்னிடம் கேட்டார்: "உம் பேச்சுக்கும் அடங்கலையாம்மா?"
ஆசேல் என்னைப் பார்த்தார். ஊரார் முன்னால் அப்படிக் கனிவாகப் பார்த்தது முதல் தடவை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். யேசேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மூப்பர் இன்னொரு தடவை கேட்டார்.
அப்புறம்தான் சொன்னேன். "எம் பேச்சை இவன் ஒருநாளும் தட்டினதில்ல."
விட்டுவிட்டார்கள்.

ஏத்தானீம் மாதம், 6
இந்த ஐந்து மாதமும் ஆசேல் நோவாள் அறையிலேயே இருக்கிறார். யேசேர் திராட்சைத் தோட்டத்துக் காவல் குடிசையில் தங்குகிறான், வீட்டுக்கு வருவதில்லை. இன்று அவனுக்கு அப்பம் சுட்டு எடுத்துப்போனேன். வாங்கவில்லை. அப்பத்தைச் சந்தேகமாகப் பார்த்தான்.
"நீ மொதல்ல ஒரு வாய் தின்னும்மா" என்றான்.
பிட்டுத் தின்று காட்டினேன். அப்புறம்தான் கை நீட்டினான்.